மணமகன், நடிகை, கூட்டிக்கொடுப்பவன்: 23 நிமிடப் படம்

ஒருவர் கவிதை வாசிப்பார், அடியில் மெல்ல ஒரு பரோக் வயலின் ஓடும், திரையில் கண்ணாடியில் மழைநீர் வழியும். இப்படிப்பட்ட கலைக் குறும்படங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒன்றாக ஒலிப்பதால் கவிதையும் மனதில் நிற்காது, இசையும் நிற்காது. இயக்குநர்கள் ழான்-மரி ஸ்ட்ரோபும் டானியேல் உய்யேயும் 1968-இல் மியூனிக்கில் எடுத்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்குத் தனி இடம் உண்டு, கவிதைக்குத் தனி இடம் உண்டு. அதனால்தான் இரண்டையும் முழுசாகக் கேட்க முடிகிறது.

தொடக்கத்தில், ஓடும் காரிலிருந்து இரவு நேர லான்ட்ஸ்பெர்கர் தெரு. ஓரமாக வாடிக்கையாளருக்குக் காத்து நிற்கும் பெண்கள். வெகுநேரம் சத்தமே கிடையாது. கார் போய்க்கொண்டே இருக்கிறது. திடீரென்று இயேசு விண்ணேறியதைப் பாடும் பாஹின் பரமேறுதல் ஆரட்டோரியோவிலிருந்து (பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்த பெரிய இசைப்படைப்பு) கடைசிக் கோரஸ் எழும்புகிறது.

நான் லூத்தரன் சபை கொயரில் பேஸ் (அடிக்குரல்) பாடுகிறவன். ஜெர்மன் மெட்டில் ஞானப்பாட்டு பாடித்தான் வளர்ந்தேன். ஆகவே இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துபோக மனம் வரவில்லை. மூன்று டிரம்பெட்டும் டிம்பனி முரசும் துள்ளலான டி மேஜர் சுருதியில் திருநாள் கொண்டாடுகின்றன. அவற்றுக்கு நடுவே பாடகர்கள் சோகச் சாயலுள்ள பி மைனர் மெட்டில், 'அந்த நாளே, நீ எப்போது வருவாய்' என்று ஏங்குகிறார்கள். வாத்தியங்களுக்கு அந்த நாள் வந்தாயிற்று, குரல்களுக்கு இன்னும் வரவில்லை. ஒரே பாட்டுக்குள் பாஹ் வைத்த இந்த இழுபறியை, கூலிக்கு நிற்கும் பெண்களின் தெருவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் கேலி துளியும் இல்லை. அந்தப் பெண்களின் காத்திருப்புக்கும் இந்தப் பாட்டுக்குத் தகுதி உண்டு என்று உறுதியாக நம்பி எடுத்த காட்சி அது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

நடுப்பகுதியில் நாடக ஆசிரியர் ஃபெர்டினாண்ட் ப்ரூக்னரின் நாடகம் ஒன்றை மிகவும் வெட்டிச் சுருக்கி, நகராத கேமராவின் முன் ஒரே மூச்சில் நடிக்கிறார்கள். பின்னாளில் பெரிய இயக்குநரான இளம் ஃபாஸ்பிண்டரும் நடிகை ஹன்னா ஷிகுல்லாவும் இதில் இருக்கிறார்கள். வசனம் ஓடுகிற வேகத்துக்கு சப்டைட்டிலைப் படிக்கக் கண் போதாது. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. படத்தின் பலவீனம் இதுதான் என்பேன்.

மூன்றாம் பகுதியில், தலைப்பில் வரும் நடிகை லிலித்துக்கும் மணமகன் ஜேம்ஸுக்கும் கல்யாணம். தேவாலயச் சடங்கு அப்படியே நடக்கிறது. பிறகு இருவரும் சிலுவையின் புனித யோவானின் வரிகளைப் பேசத் தொடங்குகிறார்கள். யோவான் 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் கார்மேல் சபைத் துறவி. 1577-இல் சொந்தச் சபையாரே அவரைப் பிடித்துத் தொலேதோவில் அடைத்து வைத்தார்கள். ஆன்மாவை மணப்பெண்ணாக்கித் தலைவனைத் தேட வைக்கும் அவருடைய பெரிய கவிதையில் பெரும்பகுதி அந்தச் சிறையில் உருவானது. நாயகி பாவம் நமக்குப் பழகியது என்பதால், அந்த வரிகள் நம்மவர்களுக்கு அந்நியமாகப் படாது.

நடிகர்கள் குரலை ஏற்றுவதில்லை, தழுதழுப்பதில்லை. வேதபாடம் வாசிப்பவர்போல் ஒரே சீராகச் சொல்கிறார்கள். அழுகையைக் குரலில் கொட்டி வாசிக்கும் நம் கவிதை மேடைகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். வீட்டுக்குள் காத்திருக்கும் கூட்டிக்கொடுப்பவனை (ஃபாஸ்பிண்டர்தான்) லிலித் சுட்டுவிட்டு, ஜன்னலருகே போய் மிச்ச வரிகளையும் அதே நிதானத்தில் சொல்கிறாள். பாஹ் மறுபடி வருகிறார். தெருவில் கேட்ட கேள்விக்கு அவளுக்கு மட்டும் பதில் கிடைத்துவிட்டது.

பார்ப்பவர்களுக்கு: நாடகத்தின் கதைச்சுருக்கத்தை முன்பே படித்துக்கொள்ளுங்கள். லாப்டாப் ஸ்பீக்கரில் டிம்பனி காணாமல் போய்விடும், நல்ல ஹெட்ஃபோன் போடுங்கள். தெருக் காட்சியில் சத்தம் வரவில்லையே என்று வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள், கோரஸ் வரும்போது காதைப் பதம் பார்த்துவிடும்.