லடாக் போன வண்டி என்றார்கள். வேளச்சேரியில் மூழ்கிய வண்டியைக் கொடுத்தார்கள்

ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிள், கொல்லிமலையின் 41ஆவது கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. முதலில் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த நொடி என்ஜின் அணைந்தது. மேலே 29 வளைவுகள், கீழே 40 வளைவுகள், நடுவில் 195 கிலோ இரும்பும் நானும். சாரல் வேறு. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி மலையடிவாரத்திலுள்ள காரவள்ளிக்கு இறக்கினேன். பழைய டூரிங் பைக் வாங்கும் ஆசையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுக்கட்டும்.

வண்டி 2014இல் பதிவான ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 500. இருபது லிட்டர் டேங்க், பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், நெடுந்தூரம் உட்கார வசதியான சீட். 2020இல் ராயல் என்ஃபீல்டு 500 சிசி வண்டிகளையே நிறுத்திவிட்டது. அதனால் விற்பவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள்: "இனிமேல் இது கிடைக்காது சார்." கிடைக்காது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அறிவு பாதி மங்கிவிடும். அது என் குறை.

2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய் வண்டியைப் பார்த்தேன். விற்றவர் பழைய பைக் வாங்கி விற்கும் தரகர். தன் நண்பருடைய வண்டி என்றும், நண்பர் வெளிநாடு போவதால் மனமில்லாமல் கொடுக்கிறார் என்றும் சொன்னார். இரு பக்கமும் அலுமினியப் பெட்டிகள், உயரமான கண்ணாடி, கூடுதல் விளக்குகள், டேங்கின் மேல் லடாக்கின் கர்துங் லா கணவாய் ஸ்டிக்கர். லடாக் போன வண்டி என்று செல்பேசியில் பனிமலைப் படங்களைக் காட்டினார். எல்லாப் படத்திலும் ஹெல்மெட் போட்ட ஒருவர் இதே நிற வண்டியோடு நின்றார்; நம்பர் பிளேட் ஒன்றில்கூடத் தெரியவில்லை. அதை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அந்த மாதிரி ஸ்டிக்கரைச் சென்னையில் வண்டிச் சாமான் விற்கும் ஜி.பி. ரோட்டில் யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம்.

விலையை அவர் கூட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். வண்டிக்கு 92,000, பெட்டிகளுக்கு 14,000, விளக்குகளுக்கும் கம்பிகளுக்கும் 9,000, புது டயர் இரண்டுக்கு 8,000. மொத்தம் 1,23,000. "உங்களுக்காக ஐயாயிரம் குறைக்கிறேன் சார்." நானும் ஏதோ சாதித்துவிட்டதுபோல் தலையாட்டினேன். இப்போது கேட்டால் இந்தக் கணக்கே தலைகீழ் என்பேன். எந்த மாட்டலும் இல்லாத அதே ஆண்டு வண்டி என்ன விலை போகிறதோ அங்கே தொடங்கி, கழித்துக்கொண்டே வர வேண்டும். கனமான பெட்டி சுமந்த வண்டியில் சீட்டுக்கு அடியிலுள்ள சட்டத்தில் வெல்டிங் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கூடுதல் விளக்கு இருந்தால் யாரோ ஒருவர் ஒயரை அறுத்து ஒட்டியிருக்கிறார். இந்த அலங்காரங்களுக்கு நாம் காசு கொடுப்பதற்குப் பதிலாக, அவற்றைக் காட்டித்தான் விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

நான் போனபோது என்ஜின் சூடாக இருந்தது. "காலையில் ஒரு சுற்று போய் வந்தேன்" என்றார். சூடான வண்டி எதையும் காட்டிக் கொடுக்காது. முக்கித் திணறிக் கிளம்புகிறதா, முதல் நிமிடத்தில் நீலப் புகை விடுகிறதா என்பதெல்லாம் குளிர்ந்த என்ஜினில்தான் தெரியும். கையை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால், காப்பி குடித்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். நான் வண்டி உடனே கிளம்பியதைப் பார்த்து மகிழ்ந்துபோனேன்.

என்ஜின் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். போல்ட்டுகளின் தலையிலும் அதே பெயின்ட். சீட் உறை புதிது, கைப்பிடி ரப்பர் புதிது, ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் புதிது. மீட்டரில் 38,000 கிலோமீட்டர். ஓடிய தூரத்தை உண்மையாகச் சொல்பவை தேய்ந்த ரப்பரும் பிரேக் மிதியும் டிஸ்க்கின் விளிம்பும்தான். அந்தச் சாட்சிகளில் மாற்ற முடிந்தவற்றை எல்லாம் அவர் மாற்றியிருந்தார். பத்து வயது வண்டியில் எல்லாமே புதிதாக இருப்பதைக் கண்டு எனக்குப் பராமரிப்புதான் தோன்றியது. சந்தேகம் தோன்றியிருக்க வேண்டும்.

கொல்லிமலைக்குப் பிறகு வண்டி திருச்சியில் எங்கள் பகுதி மெக்கானிக்கிடம் போனது. அறுபது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே துரு. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால் அந்தத் துருப்பொடி நேராகப் பம்ப்பையும், என்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையும் அடைத்திருக்கிறது. பிறகு ஹாரனைக் கழற்றிக் கையில் தட்டினார். சாம்பல் நிறத்தில் பொடிச் சேறு கொட்டியது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். மூலையில் அதே சேறு, பாளம் பாளமாக. பக்கவாட்டு மூடிக்குள் இருந்த ஒயர் கனெக்டர்களைப் பிரித்தபோது செப்புப் பின்கள் பச்சை பூத்திருந்தன.

"தம்பி, இது தண்ணீர் குடித்த வண்டி. வெறும் மழையில் நனைந்தது இல்லை. தண்ணீருக்குள் நின்றிருக்கிறது."

அன்று இரவு என் மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வண்டிக் காகிதங்களை வாங்கி ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்கமாட்டார். "மாமா, நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம் என்று போட்டிருக்கிறதே, கேட்டீர்களா?" என்றார். அது ஒரு விரிவான பாலிசி, 2024 பிப்ரவரியில் புதுப்பித்தது. இழப்பீடு கேட்காமல் ஓட்டும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஒரு முறை இழப்பீடு வாங்கினால் பூஜ்யத்துக்கு விழும். பாலிசி காலாவதியாகி 90 நாள் கடந்தாலும் விழும் என்பதால் பூஜ்யத்தை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தரகர் "ஒரு கீறல்கூட விழாத வண்டி" என்று சொன்னபோது அந்தக் காகிதம் என் கையில்தான் இருந்தது.

ஆர்.சி.யில் முகவரி வேளச்சேரி. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் எப்படிக் கிடந்தன என்று தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் பார்த்தவன் நான். எட்டு மாதம் கழித்து அதே ஊர் வண்டியைப் பார்க்கப் போய், அந்தப் பெயரை வாசித்துவிட்டுப் பேசாமல் காகிதத்தை மடித்து வைத்தேன்.

பழைய உரிமையாளரின் எண் பாலிசியில் இருந்தது. கூப்பிட்டேன். வெளிநாடு எங்கும் போகவில்லை, சென்னையில்தான் இருக்கிறார். லடாக் போனீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார், அதிகபட்சம் ஏற்காடு. "அப்பார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் சீட்டுக்கு மேல் தண்ணீர் நின்றது. இரண்டு நாள். இன்ஷூரன்ஸில் கொஞ்சம் பணம் வந்தது. சரிசெய்து ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. எல்லாவற்றையும் சொல்லித்தான் 32,000 ரூபாய்க்கு அவரிடம் கொடுத்தேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பணம் கொடுப்பதற்கு முன் இதே அழைப்பைச் செய்திருந்தால் சென்னை போய் வந்த பஸ் டிக்கெட்டோடு என் நஷ்டம் முடிந்திருக்கும்.

தரகரைக் கூப்பிட்டேன். "பழைய வண்டி என்றால் அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும், நீங்களே ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றார். இரண்டாவது அழைப்பை எடுக்கவில்லை.

2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டிகளை வாங்கி விற்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், நான் சொல்லவில்லை. பணத்தில் 70,000 ரூபாயை ரொக்கமாக வேறு கொடுத்தேன், ரசீது கேட்காமல். மீதி 48,000 வங்கி வழியாகப் போனதுதான் இன்று என்னிடமுள்ள ஒரே பிடி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 2019 சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணில் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.

கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்), ஃபோர்க், செயின் பற்றியெல்லாம் பலரும் எழுதியிருக்கிறார்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சிக்கினால் கோன் செட் போய்விட்டது. ஆனால் என் வண்டி அந்தச் சோதனையில் தேறியது. வெள்ள வண்டிக்கு ஹாரனும் ஏர் ஃபில்டர் பெட்டியும்தான் பார்க்க வேண்டிய இடங்கள். ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். அதைக் கழற்ற அனுமதிக்காதவரிடம் பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடுங்கள்.

பம்ப், இன்ஜெக்டர், முழு ஒயரிங், டேங்க் சுத்தம் என்று மெக்கானிக் 46,000 கணக்குச் சொன்னார். அதற்குப் பிறகும் இசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாதாம். செலவு செய்யவில்லை. போன மாதம் விற்பனைக்கு விளம்பரம் கொடுத்தேன்: 2023 வெள்ளத்தில் மூழ்கியது, இப்போது ஓடவில்லை, 30,000 ரூபாய். மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூவரும் தரகர்கள். ஒருவர், ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.