முன்னாள் எம்.எல்.ஏ. என்று நம்பி லாபிக்குப் பணம் கொடுக்காதீர்கள்

டெக்சாஸின் சின்ன ஊர்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.

நானும் சுற்றுப்பட்ட ஊர்களில் மருந்துக்கடை நடத்தும் 5 பேரும் சேர்ந்து ஒரு லாபியிஸ்டிடம் (நமக்காகச் சட்டமன்றத்தில் பேசக் கூலி வாங்குபவர்) 18,000 டாலர் கொடுத்து ஏமாந்தோம். காப்பீட்டுக்கும் கடைக்கும் நடுவில் நின்று மருந்துக்கான பணத்தைத் தரும் பி.பி.எம். (Pharmacy Benefit Manager) நிறுவனங்கள் பல மருந்துகளுக்குக் கொள்முதல் விலையைக்கூடத் தருவதில்லை. 112 டாலருக்கு வாங்கிய மருந்துக்கு எனக்கு வந்தது 97. இதைத் தடுக்க ஒரு மசோதா வேண்டும் என்றுதான் அவரிடம் போனோம்.

எங்கள் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ. அவர். பருத்தியும் மாட்டுச் சந்தையும்தான் எங்கள் பக்கம். டெக்சாஸில் சட்டமன்றச் சம்பளம் மாதம் 600 டாலர். அதை வாங்கிக்கொண்டு ஊரில் ஒரு சாவு விடாமல் வந்து நின்றவர். என் கடை கவுன்டரில் சாய்ந்தபடி, ஊரிலிருக்கும் என் அப்பாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்பார். பதவி போனதும் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் லாபியிஸ்ட் ஆனார். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் கொடுத்தோம்.

பாதி இப்போது, மீதி மசோதா நிறைவேறினால் என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சட்டம் நிறைவேறுவதைப் பொறுத்து லாபிக் கூலி பேசுவது டெக்சாஸில் குற்றம். அது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அங்கே சட்டமன்றம் வழக்கமாக 2 வருடத்துக்கு ஒரு முறை, 140 நாள்தான் கூடும். 2025-ல் மசோதா தாக்கல் மார்ச் 14-ஓடு முடிந்தது. இவர் ஏப்ரலிலும் "தாக்கல் செய்யப்போகிறோம்" என்றார். மசோதா எண்ணைக் கேட்டால் பேச்சை மாற்றுவார். எண் மட்டும் இருந்தால் சட்டமன்ற இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒருநாள் ராத்திரி என் மனைவி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "ஏங்க, இதைப் பாருங்க." லாபியிஸ்டுகள் பதிவு செய்யும் அரசு அமைப்பான டெக்சாஸ் எத்திக்ஸ் கமிஷனின் லாபியிஸ்ட் பட்டியல். யார் யாருக்காக வேலை பார்க்கிறார், ஏறக்குறைய எவ்வளவு வாங்குகிறார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே எங்களைக் காணோம். ஒரு பி.பி.எம். நிறுவனம் இருந்தது. எதிரெதிர்த் தரப்பு இரண்டுக்கும் வேலை பார்ப்பதென்றால் இரு தரப்புக்கும் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எங்களிடம் அவர் வாயே திறக்கவில்லை.

செக் நகல், ஈமெயில் எல்லாம் எடுத்துவைத்து கமிஷனுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதேபோல் பணம் கொடுத்துவிட்டு மசோதா எண்ணுக்காகக் காத்திருப்பவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.