ஒரு வீரரின் இருபத்தாறு பருவங்கள்: மோட்டோஜிபி வீடியோபாஸ் சந்தா குறித்து

உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரான மோட்டோஜிபியின் அதிகாரபூர்வ இணையச் சேவையான வீடியோபாஸைப் பெரும்பாலோர் நேரலைக்காகவே வாங்குகிறார்கள். மோட்டோஜிபி, மோட்டோ2, மோட்டோ3 என மூன்று பிரிவுப் பந்தயங்களும் விளம்பர இடைவெளியின்றிக் கிடைக்கின்றன. வண்டியில் பொருத்திய கேமராக் காட்சிகளையும் தனியே பார்க்கலாம். ஆனால் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான ஈடு அதன் காப்பகம்தான் என்பேன். 1992 முதலான பந்தயங்கள் அதில் இருப்பதால், ஒரு வீரரின் தொழில்வாழ்வைத் தொடக்கம் முதல் ஓய்வு வரை வரிசையாகப் பார்க்க முடிகிறது. அதற்கு மிகப் பொருத்தமானவர் இத்தாலியின் வாலன்டினோ ரோஸி. 1996இல் மலேசியாவின் ஷா ஆலமில் 125 சிசி பிரிவில் அறிமுகமாகி, 2021 நவம்பரில் வலென்சியாவில் விடைபெற்ற அவருடைய ஒன்பது உலகப் பட்டங்களும் 115 வெற்றிகளும் இந்தக் காப்பகத்தின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

2004இல் தென்னாப்பிரிக்காவின் வெல்கம் களத்தில் நடந்த பந்தயத்தைத் தவறவிடக் கூடாது. தொடர்ந்து பட்டம் வென்று தந்த ஹோண்டாவை விட்டு, முந்தைய ஆண்டில் ஒரு வெற்றிகூடப் பெறாத யமஹாவுக்கு மாறிய ரோஸியின் முதல் பந்தயம் அது. போட்டியாளர் மேக்ஸ் பியாஜியை 0.210 விநாடி வித்தியாசத்தில் முந்தி வென்றபின், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே அதன் அருகில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். சுருக்கத் தொகுப்புகளில் சில விநாடிகளில் கடந்துபோகும் இக்காட்சியின் கனம், முழுப் பந்தயத்தையும் பார்த்தவருக்கே தெரியும்.

எனினும், வெற்றிகளைவிட அதிகம் கற்றுத்தருபவை இத்தாலிய நிறுவனமான டுகாட்டியின் அணியில் ரோஸி கழித்த 2011, 2012 பருவங்கள். இரண்டு ஆண்டுகளில் ஒரு வெற்றியும் இல்லை. முதல் மூன்று இடங்களுக்குள் வந்து மேடை ஏறியதே மூன்று முறைதான். அந்த வண்டியின் முன்சக்கரம் தரையை எவ்வளவு பற்றியிருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. வளைவின் உள்விளிம்பை நோக்கித் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி வெளியே விலகிப்போவதை ஒவ்வொரு பந்தயமாகப் பார்க்கும்போது, எப்பேர்ப்பட்ட வீரரும் இயந்திரத்தோடு பொருந்தினால்தான் வெல்ல முடியும் என்பது விளங்குகிறது. அதே டுகாட்டி அணியில் 2010இல் ஆஸ்திரேலிய வீரர் கேசி ஸ்டோனர் வென்ற பந்தயங்களையும் உடன் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகும்.

2013இல் யமஹாவுக்குத் திரும்பிய பிறகு, முப்பத்தைந்தை நெருங்கும் வயதில், இளம் ஸ்பானிய வீரர் மார்க் மார்க்கெஸின் தலைமுறையைப் போல உடலை வண்டிக்கு வெளியே மிகுதியாகச் சாய்க்க அவர் பழகிக்கொண்டார். 2008இல் அமெரிக்காவின் லகுனா செகா களத்தில் ஸ்டோனரோடு போட்டியிட்ட ரோஸியையும் 2014இன் ரோஸியையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தோளும் முழங்கையும் வேறொருவருடையவை போலத் தோன்றும். தன் பாணியால் பட்டங்கள் வென்ற ஒருவர் அதை மாற்றிக்கொள்ளத் துணிந்ததே அவர்மீது எனக்குள்ள மதிப்பின் முதன்மையான காரணம்.

தொண்ணூறுகளின் ஒளிப்பதிவு மங்கலாகவே இருக்கும். பழைய பந்தயங்களில் கேமராவைத் தேர்ந்து பார்க்கும் வசதியையும் எதிர்பார்க்க வேண்டாம். வர்ணனையைத் தொடர ஆங்கிலம் தெரிந்திருப்பது நல்லது. விலையும் குறைவானதன்று, ஆகவே நேரலையை மட்டும் எப்போதாவது பார்ப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 1992க்கு முந்தைய வீரர்களான அகோஸ்தினி, பாரி ஷீன் ஆகியோரின் பந்தயங்களை வரிசையாகப் பார்க்க விரும்புவோரும், காப்பகத்தின் தொடக்க ஆண்டை மனத்தில் கொண்டு முடிவெடுக்கலாம்.