குழந்தைக்கு முதல் ரிமோட் விமானம்: நான்கு வகைகளில் எது?

எங்கள் வீடு பொள்ளாச்சிப் பக்கம். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இங்கே தென்னை மட்டைகளை முறித்துப் போட்டுவிடும். ஒன்பது வயது மகளுக்கு முதல் ரிமோட் விமானம் வாங்கியபோது இதை நான் யோசிக்கவில்லை. போர் விமானம் போல் இருந்தது, விலையும் குறைவு என்று வாங்கிவிட்டேன். மூன்றாம் நாளே அது தென்னை உச்சியில் போய் உட்கார்ந்தது. தேங்காய் பறிக்க வருகிறவரைக் கூப்பிட்டுத்தான் இறக்கினோம்.

அதன் பிறகு இரண்டு வருடங்களில் நான்கு வகைகளையும் பறக்கவிட்டுப் பார்த்துவிட்டோம். இப்போது யாராவது "எதை வாங்கலாம்?" என்று கேட்டால், எங்கே பறக்கவிடப் போகிறீர்கள், குழந்தை பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். விமானத்தின் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் வகை, நான் வாங்கியது: இரண்டு சேனல் ஃபோம் ஜெட். சேனல் என்றால் ரிமோட்டில் தனித்தனியாக இயக்கக்கூடிய கட்டுப்பாடு. எஃப்-22, சுகோய் என்று பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் இதன் வாலில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் சின்ன மோட்டார்கள். ஒன்றின் வேகத்தைக் குறைத்தால் விமானம் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டையும் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். அவ்வளவுதான். காற்று இல்லாத காலையில் இது அழகாகச் சுற்றி வரும். கொஞ்சம் காற்று வந்துவிட்டாலோ, முகத்தைக் கீழே இறக்கி எதிர்க்காற்றில் முன்னேற வழியே இல்லை. கூட்டினால் மேலே ஏறி இன்னும் தூரம் அடித்துக்கொண்டு போகும். "அப்பா, நான் திருப்புறேன், அது கேக்கவே மாட்டேங்குது" என்று அவள் அழுதாள். அவள் கை சரியாகத்தான் வேலை செய்தது. விமானத்திடம் அதற்கு வேண்டிய பாகம் இல்லை. குழந்தை தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது வகை, 400 முதல் 500 மி.மீ. இறக்கை அகலத்தில் வரும் குட்டி விமானங்கள். மூன்று அல்லது நான்கு சேனல், உள்ளே கைரோ (சாய்வை உணர்ந்து விமானத்தைத் தானாகச் சமன்படுத்தும் கருவி). வோலன்டெக்ஸ் நிறுவனத்தின் ரேஞ்சர் 400, ஸ்போர்ட் கப் 500 இரண்டும் இதில் வரும். பெயரில் உள்ள எண்தான் இறக்கையின் அகலம். ஜெட்டுக்கும் இதற்கும் விலையில் வித்தியாசம் உண்டு, ஆனால் பறப்பதில் உள்ள வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு. வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர் இருக்கிறது. அதனால் மூக்கை இறக்கலாம், ஏற்றலாம், மெதுவாகத் தரையிறக்கலாம். கைரோவைத் தொடக்க நிலையில் வைத்தால் விமானம் ஓர் அளவுக்கு மேல் சாயாது. பயந்துபோய் ரிமோட்டின் குச்சியை விட்டுவிட்டால் தானாக நேராகிவிடும். கை பழகப் பழக அந்தக் கட்டுப்பாட்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டுக்குள்ளும் ஒரு தேர்வு உண்டு. ஸ்போர்ட் கப்பில் புரொப்பெல்லர் மூக்கில் இருக்கிறது. ரேஞ்சரில் இறக்கைக்குப் பின்னால். புதிதாகப் பழகும் குழந்தை மூக்கைத் தரையில் குத்தாமல் இருக்காது. பின்னால் புரொப்பெல்லர் இருந்தால் ஃபோம் மட்டும் நசுங்கும், மோட்டார் தப்பிக்கும். அதனால் பத்து வயதுக்குக் கீழே என்றால் ரேஞ்சர் மாதிரிதான் என் தேர்வு. ஒரு எச்சரிக்கை: பின்னால் சுழல்வதைக் கையால் வீசும்போது விரல்கள் புரொப்பெல்லருக்கு முன்னால், வயிற்றுப் பகுதியில் இருக்க வேண்டும். முதல் பல நாட்கள் வீசும் வேலையைப் பெரியவரே செய்யட்டும். ஸ்போர்ட் கப்பில் இறக்கையின் ஓரத்தில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அய்லரான் தனியாக இருப்பதால் பிறகு கற்றுக்கொள்ள அதிகம் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையனோ பெண்ணோ என்றால் அதற்கே போகலாம்.

இவற்றின் குறை எடைதான். பஞ்சு மாதிரி இருப்பதால் விழுந்தாலும் உடைவது அபூர்வம். அதே காரணத்தால் காற்றும் இவற்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தென்னை ஓலை ஆடுகிறதா என்று பார்ப்போம். நுனி மட்டும் அசைந்தால் பறக்கவிடலாம். மட்டையே ஆடினால் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். எங்கள் ஊரில் ஆடியில் காலை ஆறரை மணிகூடச் சில நாள் சரிப்படாது. ஐப்பசி முடிந்து மழை விட்ட பிறகு, தையிலிருந்து மாசி வரை காலைப் பொழுது அருமையாக இருக்கும்.

மூன்றாவது, ஒரு மீட்டருக்கு மேல் இறக்கை உள்ள பெரிய பயிற்சி விமானம். ஹாபிசோன் ஏரோஸ்கவுட் நல்ல உதாரணம். இறக்கை 1.1 மீட்டர், மோட்டார் இறக்கைக்குப் பின்னால், முன்சக்கரம் திரும்பும், தடுமாறினால் விமானத்தை நேராக்க ரிமோட்டில் ஒரு பொத்தான். நண்பர் ஒருவரிடம் இருந்ததை மகளும் நானும் ஓட்டிப் பார்த்தோம். சொல்லப்போனால் நான்கிலும் பறக்கச் சுகமானது இதுதான். குட்டி விமானம் பதறித் திரும்பும் இடத்தில் இது நிதானமாகத் திரும்புகிறது. தூரத்திலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. காற்றையும் தாங்குகிறது.

அப்படியானால் ஏன் முதலில் இதை வாங்கக் கூடாது? விலை ஒரு காரணம். அதைவிட இடம்தான் பெரிய காரணம். குட்டி விமானத்துக்குப் பள்ளி மைதானம் போதும். இதற்கு ஆளும் மாடும் மின்கம்பியும் இல்லாத பெரிய வெளி வேண்டும். எடையும் ஒரு விஷயம். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் நாலு விசிறி வைத்த டிரோன்களுக்கு மட்டுமல்ல, இறக்கை வைத்த ஆளில்லா விமானங்களுக்கும் பொருந்தும். 250 கிராம் வரை நானோ வகை. குட்டி விமானங்கள் அதற்கு வெகு கீழே நின்றுவிடும், ஏரோஸ்கவுட் தாண்டிவிடும். எந்த வகையானாலும் பறக்கவிடும் இடம் சிவப்பு மண்டலமா (அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாத பகுதியா) என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு பக்கம் பீளமேடு விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். வீட்டுப் பக்கத்து மைதானம் என்று சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது.

நான்காவது வழி, வீட்டிலேயே செய்வது. எனக்கு மிகவும் பிடித்தது. 5 மி.மீ. டெப்ரான் (ஒரு வகை மெல்லிய ஃபோம்) ஷீட், ஏ2212 மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, மூன்று செல் லிப்போ பேட்டரி, வால் பாகங்களை அசைக்கும் 9 கிராம் சர்வோ சில, ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட். கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்கும் அதே சாமான்கள்தான், எளிதில் கிடைக்கும். ஃப்ளைட் டெஸ்ட் குழுவின் வரைபடங்கள் இணையத்தில் இலவசம். அவர்களுடைய டைனி டிரெய்னர் விமானத்துக்கு இரண்டு விதமான இறக்கைகள் உண்டு: பழக மூன்று சேனல் இறக்கை, பழகிய பிறகு நான்கு சேனல் இறக்கை. பெட்டியில் வரும் விமானத்தின் ரிமோட் பெரும்பாலும் அந்த விமானத்துக்கு மட்டும்தான். எஃப்எஸ்-ஐ6 அப்படியல்ல. விமானம் நொறுங்கினாலும் ரிமோட்டும் மோட்டாரும் அடுத்ததற்கு வரும். இறக்கை ஒடிந்தால் ஒரு ஷீட் செலவு. கேபிள் போட்டுக் கணினி சிமுலேட்டரிலும் அதே ரிமோட்டில் பழகலாம்.

ஆனால் பெட்டியைத் திறந்ததும் பறக்க வேண்டும் என்று துடிக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு இது ஒத்துவராது. எடை மையம் ஒரு விரல் அகலம் பின்னால் போனாலே விமானம் கைக்கு அடங்காது. அப்பாவோ அம்மாவோ கூட உட்கார்ந்து செய்ய நேரம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். பசையிலும் கவனம் வேண்டும். ஃபெவிக்விக் டெப்ரானையும் தெர்மாகோலையும் கரைத்துவிடும், ஹாட் க்ளூதான் சரி.

ஆக, முதல் விமானம் என்றால் கைரோ உள்ள குட்டி விமானம். ஒரு வருடம் கழித்து ஆர்வம் குறையாமல் இருந்தால் டெப்ரான் ஷீட். பெரிய வெளியும் ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவரும் பக்கத்தில் இருந்தால் நேராக ஏரோஸ்கவுட். நாங்கள் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறோம்.

எதை வாங்கினாலும் முதல் வாரம் பிக்காசிம் போன்ற இலவச சிமுலேட்டரில் பழகவிடுங்கள். எல்லாக் குழந்தைகளும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அப்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளச் சொல்லுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பது போல. என் மகள் இதைப் பிடித்துக்கொண்ட அன்றிலிருந்து விமானம் மரத்தில் ஏறவே இல்லை.

வாங்கும்போதே கூடுதலாக இரண்டு பேட்டரியும் நான்கு புரொப்பெல்லரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், குழந்தை ஆசையாக வந்த காலைப் பொழுது அதோடு முடிந்துவிடக் கூடாது. லிப்போவை ஆள் இல்லாமல் சார்ஜில் போட வேண்டாம், உப்பிப்போனதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் பறக்கவிடப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட்டால் அடுத்த சீசனுக்கும் உழைக்கும்.