ஐபிசிசி புகார்ச் சேவை: காது உண்டு, கை இல்லை

சாலைத்தடுப்பில் முகத்தின் நிறத்தைப் பார்த்து ஓரங்கட்டினால் எங்கே முறையிடுவது? மலேசியாவில், கோலாலம்பூர் டத்தோ பண்டாரிடம் (மேயரிடம்) போய்ப் பயனில்லை. அவரே நியமனம்தான், போலீஸோ கூட்டரசின் (மத்திய அரசின்) கையில். 2023 ஜூலை 1 முதல் இதற்கென்று இருப்பது ஐபிசிசி, அதாவது சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம். பாரபட்சமான செயலும் அதன் வரம்புக்குள் வரும்.

புகார் நிற்பதும் விழுவதும் விவரத்தில்தான். சீருடைப் பெயர்ப்பட்டை, உடல் எண் (போலீஸ்காரரின் பணி எண்), ரோந்துக் கார் எண், இடம், மணி இவற்றை அங்கேயே கைப்பேசியில் குறித்துவிடுங்கள். சாதாரண உடையில் வந்தால் அதிகார அட்டையை, அதாவது போலீஸ் அடையாள அட்டையைக் கேளுங்கள், அதன் நிறத்தைப் பாருங்கள்: நீலம் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் அதற்குக் கீழ். சிவப்பு என்றால் பணியிடை நீக்கத்தில் இருப்பவர், அதிகாரமே கிடையாது. "ஒரு போலீஸ்காரர் மிரட்டினார்" என்று மட்டும் எழுதினால் யாரை விசாரிப்பது?

பெரிய குறை, ஆணையம் தானே தண்டிக்க முடியாது. விசாரித்து, ஒழுங்கு நடவடிக்கைக்குப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பிவிடும். 2005இல் போலீஸ் படையை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் கேட்டது இதைவிடப் பல் உள்ள அமைப்பை. இருந்தாலும் எழுத்தில் ஒரு பதிவு வேண்டுமென்றால் மனு போடலாம். உடனடித் தீர்வு தேடுபவர் வழக்கறிஞரைப் பார்ப்பதே மேல்.