ஏழு துண்டு டிங்கரிங் செட்: மூன்று வருஷத்துக்குப் பிறகு

நெளிந்த கார்த் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற இந்தச் செட்டின் ஏழு துண்டில் நான் உண்மையாகப் பாவிக்கிறது மூன்றுதான். மிச்சம் நாலும் பெட்டிக்குள் எண்ணெய் பூசிக்கொண்டு கிடக்கின்றன.

என்னுடைய கார் 1998 டொயோட்டா கொரோலா 110. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதில் இருந்து 2025 வரைக்கும் கொழும்பில் பழைய கார் வைத்திருந்தவர்கள் அதை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்தில்தான் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு ஓட்டோ வந்து இடது பக்க முன் மட்கார்டில் இடித்தது. ஒரு கராஜில் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. எட்டு மாதத்தில், பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி வெடித்து, காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரிக் கழன்று விழுந்தது. என் சுண்டுவிரல் பருமன் இருந்தது அந்தத் துண்டு! பட்டி 3 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. கீழே பார்த்தால் பள்ளம் அப்படியே இருக்கிறது, ஒருத்தரும் தட்டவேயில்லை.

அந்தக் கோபத்தில் பழைய சோனகத் தெருவுக்குப் போய் வாங்கினதுதான் இந்தச் செட்: மூன்று சுத்தியல், நாலு டொலி. டொலி என்றால் தகரத்துக்குப் பின்பக்கம் கையால் பிடிக்கிற இரும்புக்கட்டி. மலிவுச் சாமான்தான். சுத்தியல் முகத்தின் விளிம்பு கூராக இருந்தது, நடுவில் கடைசல் கோடுகூடத் தெரிந்தது. அதைக் கவனிக்காமல் அடித்ததில் மட்கார்ட் முழுக்கப் பிறை பிறையாகத் தழும்பு. சுத்தியல் முகத்தில் இருக்கிறது அப்படியே தகரத்தில் பதியும் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு ஒரு பின்னேரம் முழுக்க இருந்து விளிம்பை அரத்தால் உருட்டி, 400, 800, 1200 வாட்டர் பேப்பர் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். புதுச் செட் வாங்குகிறவர் முதல் அடிக்கு முன்னமே இதைச் செய்யுங்கள்.

ஆனால் பெரிய பிழை சுத்தியலில் இல்லை. பள்ளத்துக்குப் பின்னால் டொலியை வைத்து, அதற்கு நேர் மேலே விடாமல் அடித்தேன். இரண்டு இரும்புக்கு நடுவில் அகப்பட்ட தகரம் மெலிந்து விரியும். விரிந்தது போக இடமில்லாமல் பலூன் மாதிரி மேலே வந்தது. விரலால் அமத்தினால் ‘டொக்’ என்று உள்ளே போகும், விட்டால் ‘டொக்’ என்று வெளியே வரும்.

பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு டிங்கரிங் பாஸ் (கைதேர்ந்த வேலைக்காரர்) இருக்கிறார். கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். (110இன் முன் மட்கார்ட் 10 நம்பர் போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றுவது லேசு, முதல் வேலைக்கு அதனால்தான் நல்லது.) காஸ் விளக்கால் ஒரு காசு அளவு இடத்தை மட்டும் சிவக்கச் சுட்டு, நாலு தட்டுத் தட்டி, ஈரத் துணியை வைத்தார். சுருங்கிவிட்டது. “தம்பி, நீங்க அடிச்சது கூடிப்போச்சு. பள்ளத்தை விடுங்க, மேட்டைப் பாருங்க,” என்றார்.

மூன்று வருஷமாக நான் செய்கிறது அதுதான். இடிபடும்போது முதலில் உள்ளே போனது பள்ளத்தின் நடு; கடைசியாக உண்டானது சுற்றியுள்ள மேடு. நிமிர்த்தும்போது கடைசியில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். டொலியைப் பள்ளத்தின் அடியில் வைத்து நன்றாக அமத்திக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற மேட்டில் மெதுவாகத் தட்டினால் மேடு இறங்க இறங்கப் பள்ளம் தானாக ஏறும். தகரம் விரியாது. டொலிக்கு நேர் மேலே அடிக்கிறது கடைசியில், சின்னச் சின்ன நெளிவை எடுக்க மட்டும். சத்தமே சொல்லும்: நேரே பட்டால் ‘டிங்’, பக்கத்தில் பட்டால் மந்தமான ‘டப்’. எங்கள் பக்கத்து வீட்டு அன்ரிக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால் போயா நாளில் வேலை இல்லை.

கண்ணை நம்பாதீர்கள். மெல்லிய பருத்திக் கையுறை போட்டு உள்ளங்கையைத் தட்டையாக வைத்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். எனக்கு அந்தக் கை உணர்வு வர ஒரு வருஷம் போனது. அதுவரைக்கும் மரக்கட்டையில் சாண்ட் பேப்பரைச் சுற்றித் தேய்த்தேன். மேடு மினுங்கும், பள்ளம் மங்கலாகவே இருக்கும்.

கூர்முனைச் சுத்தியலைத் தொடக்கத்தில் தொடாதீர்கள், அது பரு உண்டாக்கும் யந்திரம். மரக் கைப்பிடி ஆறு மாதத்தில் ஆட்டம் கண்டது. ஆப்பு அடித்த பிறகு பிரச்சினை இல்லை. கடல் காற்றில் டொலி கறள் பிடிக்கும், கறள் குழியும் தகரத்தில் பதியும், ஆகவே வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணி. துளை போட்டு இழுக்கிற ஸ்லைட் ஹேமரும் பிறகு வாங்கினேன், வீண். பின்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்ட துளைகள் ஒரு மழைக்காலத்திலேயே கறள் கட்டிவிட்டன.

இப்போது தட்டையான சுத்தியல், குதிக்கால் மாதிரி இருக்கிற டொலி, காற்புள்ளி வடிவ டொலி, இவ்வளவும்தான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. மட்கார்டில் கடைசியாகப் போட்ட பட்டி 1 மில்லிமீற்றர்கூட வராது, இரண்டு வருஷமாக நிற்கிறது. பின்கதவில் இருக்கிற பள்ளத்தை மட்டும் இன்னும் தொடவில்லை. உள்ளே இரட்டைத் தகரம், டொலி போக வழியில்லை. அதை பாஸிடமே கொடுக்கப் போகிறேன்.