ஆறு முதல் எட்டு வரை கணக்கு: போனில் எதில் பழகலாம்?

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் போனால் ரெட்டிச்சாவடி தாண்டியதும் கன்னியக்கோவில் வந்துவிடும். கூப்பிடு தூரம்தான். ஆனால் அதற்குள் கணக்குப் புத்தகமே மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடநூல். அந்தப் பக்கம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்குப் போய்விட்டதால் என்சிஇஆர்டி-யின் புதிய 'கணித பிரகாஷ்'. மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். "வீட்ல போன்ல பழகறதுக்கு எதைப் போட்டுக் குடுக்கலாம் சார்?" என்று கேட்காத பெற்றோர் இல்லை.

ஒரு தளத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது, பிள்ளை தப்பாகப் போட்டதும் அது என்ன செய்கிறது என்பதைத்தான். முழுக்களில் −3 − (−5) என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். பாதிப் பிள்ளைகள் −8 என்றுதான் எழுதுவார்கள். மைனஸைப் பார்த்ததும் இரண்டையும் கூட்டி, முன்னால் ஒரு மைனஸ் போட்டுவிடுகிற பழக்கம்.

கான் அகாடமி என்ற பயிற்சித் தளத்தில் −8 என்று தட்டினால் தவறு என்று சொல்லும், இன்னொரு முறை முயலச் சொல்லும். உதவி கேட்டால் விடையைத் தூக்கிக் கொடுக்காமல் படிப்படியாகத் திறக்கும்: −5-ஐக் கழிப்பதும் 5-ஐக் கூட்டுவதும் ஒன்று, ஆகவே −3 + 5, ஆகவே 2. உதவி எடுத்த கேள்வி சரியான விடையாகக் கணக்கில் சேராது. அதனால் உதவியை அமுக்கி அமுக்கியே மேல்நிலைக்கு ஏற முடியாது. அடுத்த கேள்வியில் எண்கள் மாறி வரும். சால் கான் 2008-ல் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு இது. இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. பயிற்சி என்று பார்த்தால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். ஒரு குறையும் உண்டு. இறுதி விடையை மட்டும் பார்க்கும், நடுவில் போட்ட படிகளைப் பார்க்காது. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் குருட்டாம்போக்கில் அமுக்கியும் தப்பிக்கலாம். போனுக்குப் பக்கத்தில் ரஃப் நோட்டும் பேனாவும் இல்லாமல் கான் அகாடமியைத் திறக்கவே விடாதீர்கள்.

தமிழ் வழிப் பிள்ளைக்கு ஆங்கிலக் கேள்வி இரட்டைச் சுமை. கணக்கில் தடுமாறுகிறானா, வாக்கியத்தில் தடுமாறுகிறானா என்று நமக்கே தெரியாது. இங்கேதான் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023-ல் கொண்டுவந்த மணற்கேணி செயலி கைகொடுக்கிறது. நம் பாடநூலை ஒட்டிய சின்னச் சின்ன வீடியோக்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். வகுப்பில் ஒரு பாடத்தை விட்டுவிட்ட பிள்ளைக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது புரிந்துகொள்வதற்கு. வீடியோ பார்த்து முடித்ததும் "புரிஞ்சிடுச்சு சார்" என்பார்கள். அதே −3 − (−5)-ஐக் கொடுத்தால் பேனா அப்படியே நிற்கும். பார்த்த கையோடு புத்தகத்தின் பயிற்சிக் கணக்கில் நாலைப் போட வைக்க வேண்டும்.

பாடநூலில் அச்சடித்திருக்கும் க்யூஆர் கோடுகள் வழியே போகும் தீக்‌ஷா தளமும் இதே ரகம்தான். அதில் எனக்குப் பிடித்தது, வேண்டியதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாதபோதும் பார்க்கலாம் என்பது. அப்பா வேலை முடிந்து வந்தால்தான் போன், அதற்குள் அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும் என்கிற வீடுகளில் இது பெரிய விஷயம்.

ஜியோஜீப்ரா என்ற வடிவியல் கருவியை இவற்றோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அது கேள்வி கேட்டு மார்க் போடுவதைவிடப் பிள்ளை தானே செய்து பார்ப்பதற்கான இடம். நம் பாடநூலின் இணையச் செயல்பாடு பக்கங்களில் பல இதற்குத்தான் போகின்றன. ஏழாம் வகுப்பில் இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டுகிறது. அந்தக் குறுக்குவெட்டியை விரலால் இழுத்துச் சாய்த்தால் கோண அளவுகள் எல்லாம் ஓடி ஓடி மாறும், ஆனால் ஒத்த கோணங்கள் இரண்டும் எப்போதும் சமமாகவே இருக்கும். கரும்பலகையில் நான் எத்தனை படம் வரைந்தாலும் இதைக் காட்ட முடியாது. சின்ன போன் திரையில் கொஞ்சம் சிரமம். டேப்லெட்டோ பள்ளிக் கணினியோ கிடைத்தால் விடாதீர்கள்.

ஐஎக்ஸ்எல் பணம் கட்டிப் பயன்படுத்தும் பயிற்சித் தளம்; இலவசமாக ஒரு நாளைக்குச் சில கேள்விகள்தான் கிடைக்கும். கேள்விகள் தரமானவை, விளக்கமும் வரும். ஆனால் மதிப்பெண் தொண்ணூறைத் தாண்டியபின் ஒரு தப்பு செய்தால் மளமளவென்று சரியும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அது சவால். ஏற்கெனவே பயப்படும் பிள்ளை போனைக் கீழே வைத்துவிடும். அந்தப் பணத்தை நம் ஊர்ப் பெற்றோர் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சரி, யாருக்கு எது? கடலூர்ப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு மணற்கேணியில் ஒரு வீடியோ, அப்புறம் புத்தகத்துப் பயிற்சி. எண்கள் மட்டுமே உள்ள கணக்குகளுக்குக் கான் அகாடமியும் ஓடும்; −3 − (−5)-க்கு ஆங்கிலம் அதிகம் வேண்டாம். புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைக்குக் கான் அகாடமியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆறாம் வகுப்புக்கு 2024-லும், ஏழுக்கும் எட்டுக்கும் 2025-லும் என்சிஇஆர்டி புத்தகம் மாறியது. இணையத்தில் பழைய புத்தகத்தின் தலைப்புகளில் கிடக்கும் பயிற்சித் தாள்கள் ஏராளம். இறக்குவதற்கு முன் பாடத் தலைப்பைக் கையிலிருக்கும் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.